பிள்ளையைப் போலீஸ் அழைத்துப் போனால்: ஸ்டேஷன் வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை

18 வயது நிரம்பாத பையனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று சேதி வந்ததும் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். மாமன் ஸ்டேஷனுக்கு, அப்பா கட்சிக்காரர் வீட்டுக்கு, அண்ணன் வக்கீலைத் தேடி, அம்மா அடகுக் கடைக்கு. விடிந்து பார்த்தால் யார் எதில் கையெழுத்துப் போட்டார்கள், யாரிடம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. பையனோடு ஸ்டேஷனில் யாருமே இருந்திருக்க மாட்டார்கள்.

கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அக்கா மகன் விஷயமாக இந்தப் பாதையில் முட்டி மோதி நடந்தவன். அதற்குப் பிறகு இதே மாதிரிக் காகிதங்களோடு கடைக்கு வருகிறவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வீட்டு ஆட்களுக்கும், தெருவில் இப்படி ஒரு பிள்ளைக்குத் துணை நிற்க நினைக்கும் டியூஷன் டீச்சர், மகளிர் குழு அக்கா போன்றவர்களுக்கும் இது பயன்படும். கடைக்கு வருகிற வழக்குகளில் பெரும்பாலும் பையன்கள்தான், அதனால் பையன் என்றே எழுதுகிறேன். பெண்பிள்ளை என்றால் பெண் போலீஸ் உடனிருக்க வேண்டும், இல்லமும் தனி. மற்றபடி சட்டம் ஒன்றுதான்: இளைஞர் நீதி (பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015. அதற்கான தமிழ்நாட்டு விதிகள் 2017-இல் வந்தவை.

நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். விசாரிக்கும் இடம் இளைஞர் நீதிக் குழுமம், பேச்சில் போர்டு. ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணி உறுப்பினர்களும் அதில் உட்காருவார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். விசாரணை முடியும்வரை பையனை வைக்கும் இடம் கூர்நோக்கு இல்லம், பேச்சில் ஹோம். வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதுபவர் நன்னடத்தை அலுவலர், பி.ஓ. உதவித் திட்டங்களைக் கையில் வைத்திருப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

1. ஒரே ஆள், ஒரே ஃபைல்

படித்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. போன் எடுப்பவராக, கோபம் வந்தாலும் குரல் உயர்த்தாதவராக, வாரத்தில் ஒரு நாள் வேலையை விட முடிந்தவராக ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். இனி ஸ்டேஷன், போர்டு, ஹோம், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அவர் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும். பெற்றோர் கூடவே வருவார்கள், வந்தாக வேண்டும். ஆனால் காகிதம் அவர் கையில்தான் இருக்க வேண்டும்.

ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு கோடு போட்ட தாள் வையுங்கள். தேதி, போன இடம், பேசியவரின் பதவி, அவர் சொன்னது, அடுத்த தேதி. இதை அன்றன்றைக்கே எழுதினால்தான் உண்டு. ஆறு மாதம் கழித்து "உங்களுக்கு அன்னைக்கே சொன்னேனே" என்று ஒரு அலுவலர் சொல்லும்போது உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தாள்தான்.

2. ஸ்டேஷனில் முதல் 24 மணி நேரம்

போனவுடன் கேட்க வேண்டியது, "குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யாருங்க?" ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அப்படி ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். பையன் அவர் பொறுப்பில் இருக்க வேண்டும், சீருடை இல்லாமல் பேச வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது, கைவிலங்கு கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் போர்டு முன் நிறுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் லீவு என்பதெல்லாம் காரணமாகாது. போர்டு கூடாத நாளில் ஏதாவது ஒரு உறுப்பினர் முன் நிறுத்தலாம் என்று சட்டத்திலேயே வழி இருக்கிறது.

கொடூரக் குற்றமாகவோ (எது கொடூரக் குற்றம் என்று 8-இல் இருக்கிறது) பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாவிட்டால், எஃப்.ஐ.ஆர். போடாமல் ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிந்து, குடும்பப் பின்னணி பற்றிய ஓர் அறிக்கையோடு போர்டுக்கு அனுப்புவதே விதி. பையனின் வீடு, படிப்பு பற்றி அந்த அறிக்கையில் எழுதுவதை நீங்கள் சொல்லித்தான் எழுத வேண்டும். எந்த வகுப்பு, எந்தப் பள்ளி, யார் வீட்டில் இருக்கிறார்கள், என்ன மருந்து சாப்பிடுகிறான் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

இங்கே விழும் குழிகள்:

எழுதாத தாளில் கையெழுத்து வேண்டாம். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிங்க" என்பார்கள். எழுதிய பிறகு, படித்துக் காட்டிய பிறகு போடுகிறேன் என்று பணிவாகச் சொல்லலாம்.

"நான் பேசி முடிச்சுடுறேன்" என்று ஸ்டேஷன் எதிர் டீக்கடையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரால் எதையும் முடிக்க முடியாது. ஆனால் உங்கள் தோட்டை அடகுக் கடைக்கு அனுப்ப முடியும்.

பையன் படத்தையோ பெயரையோ ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டால் உடனே நீக்கச் சொல்லுங்கள். அடையாளத்தை வெளியிடுவது சட்டப்பிரிவு 74-இன்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்கள் சொந்தக்காரரே அனுதாபத்தில் போட்டாலும் இதே கதைதான்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. காரைக்கால் எல்லைக்குள் சாராய பாட்டிலோடு பிடிபட்டால் அது புதுச்சேரி போலீஸ் வழக்கு. நாகூரைத் தாண்டி நாலு கிலோமீட்டர்தானே என்று நாகப்பட்டினம் அலுவலகத்தில் போய் நின்றால் நாள்தான் போகும். அதேபோல மயிலாடுதுறை தனி மாவட்டமான பிறகும் பழைய நினைப்பில் நாகைக்கு பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த மாவட்டப் போர்டு என்பதை ஸ்டேஷனிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பாட்டில் கடத்தவோ, கொள்ளிடத்தில் மணல் வண்டிக்கு நோட்டம் பார்க்கவோ ஒரு பெரியவர் பையனை அனுப்பியிருந்தால், அந்தப் பெயரை வக்கீலிடம் மறைக்காதீர்கள். சட்டவிரோத வேலைக்குச் சிறாரைப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. "அண்ணன் பாத்துக்குவாரு" என்று வாயைக் கட்டி வைத்திருப்பது பையனைக் காப்பாற்றாது, அண்ணனைத்தான் காப்பாற்றும்.

3. வயதுக்கான காகிதம்

எல்லாம் இதில்தான் நிற்கிறது. குற்றம் நடந்ததாகச் சொல்லும் நாளில் 18 நிரம்பவில்லை என்றால் அவன் சிறார். விசாரணை நடக்கும்போது 18 தாண்டினாலும் சிறாராகவே விசாரிக்க வேண்டும். மீசை வந்திருக்கிறது, வண்டி ஓட்டுகிறான் என்று 19 என எழுதிவிட்டால் வழக்கு வேறு கோர்ட்டுக்கும் பையன் சிறைக்கும் போய்விடும்.

சட்டம் பார்க்கும் வரிசை: பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது 10-ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் முதலில். அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டுமே இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. அதில் ஓரிரு வயது முன்பின் வரும் என்பதால் அந்த இடம் வரைக்கும் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆதார் அட்டை இந்த வரிசையில் இல்லை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஆதாரை மட்டும் நீட்டுவார்கள். காலையில் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரிடம் கேட்டு பிறந்த தேதிச் சான்று வாங்குங்கள். எதற்கு என்று கேட்டால் "அவசரமாத் தேவைப்படுது சார்" என்று சொன்னால் போதும். வழக்கு விவரம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சான்றில் பள்ளி முத்திரை, சேர்க்கைப் பதிவேட்டு எண், தேதி மூன்றும் இருக்கிறதா என்று வாசலைத் தாண்டுவதற்குள் பாருங்கள். முத்திரை இல்லாமல் வாங்கிவந்து திரும்ப ஓடுவது இங்கே அன்றாடம் நடக்கிறது.

ஸ்டேஷனில் வயதைத் தவறாக எழுதி, பையன் ஏற்கெனவே சிறைக்குப் போய்விட்டானா? எந்தக் கோர்ட்டிலும், எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பிறகும்கூட, அவன் சிறார் என்று மனுப் போடலாம்.

4. வக்கீலுக்குக் காசு வேண்டாம்

சிறாருக்கு இலவச சட்ட உதவி உரிமை. குடும்ப வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும். தாலுகா ஊர்களில் வட்டக் குழு உண்டு. போன் 15100. ஒரு மனுவும் ஆதார் நகலும் போதும். நியமிக்கப்பட்ட வக்கீல் "செலவுக்கு" என்று கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடம் சொல்லலாம்.

சொந்தமாக வக்கீல் வைப்பது தப்பில்லை. ஆனால் போர்டில் நடந்து பழகியவரா என்று கேளுங்கள். பெரியவர்கள் வழக்கில் புலியாக இருப்பவர் இங்கே வந்து குறுக்கு விசாரணைக்குத் தயாராகிக்கொண்டு, பி.ஓ. அறிக்கையைப் படிக்காமலே நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

5. போர்டு முன்னால்: ஜாமீன்

பெரியவர்களுக்கு ஜாமீனில் விட முடியாத குற்றம் என்பது சிறாருக்குப் பொருந்தாது. ஜாமீன் கொடுப்பதுதான் சட்டம் சொல்லும் வழக்கம். மறுக்க மூன்று காரணங்களே உண்டு: வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே உடலாலோ மனதாலோ ஒழுக்கத்தாலோ ஆபத்து, அல்லது நீதி கெட்டுப்போகும். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும்.

ஆகவே வீட்டார் பேச வேண்டியது அந்த மூன்றுக்கும் பதில். "என் பிள்ளை தங்கம்" என்று அழுவதால் ஒன்றும் நகராது. தெருவில் இருக்கும் கூட்டம்தான் பிரச்சினை என்றால், மன்னார்குடியில் சித்தி வீட்டில் வைத்துக்கொள்கிறோம், சித்தப்பா இதோ வந்திருக்கிறார், அவர் ஆதார், ரேஷன் அட்டை, வீட்டு வரி ரசீது இவை என்று வையுங்கள். எதிர்த்தரப்பு அடிக்க வரும் என்ற பயம் இருந்தாலும் இதே ஏற்பாடுதான் பதில்.

எடுத்துப் போக வேண்டியவை: பெற்றோர் இருவர் ஆதார், ரேஷன் அட்டை, வீட்டு வரி அல்லது மின் கட்டண ரசீது, வயதுச் சான்று, பள்ளி அடையாள அட்டை, பாஸ்போர்ட் அளவுப் படங்கள். எல்லாவற்றிலும் மூன்று நகல். ஜாமீன்தாரர் கேட்டால் ஆள் தயாராக இருக்கட்டும். நிபந்தனை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் ஹோமிலேயே இருந்தால், நிபந்தனையை மாற்றக் கேட்டுத் திரும்பவும் போர்டு முன் நிறுத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஜாமீன் ஆணை வந்தும் ஆள் கிடைக்காமல் பிள்ளை உள்ளேயே கிடக்கிறான் என்றால் இதை வக்கீலுக்கு நினைவூட்டுங்கள்.

இன்னொன்று. "ஒத்துக்கிட்டா இன்னைக்கே விட்டுடுவாங்க" என்று வராந்தாவில் சொல்லும் ஆட்களை நம்பிப் பையனைத் தலையாட்ட வைக்காதீர்கள். வக்கீலோடு பேசாமல் எந்த ஒப்புதலும் வேண்டாம்.

6. பி.ஓ. வீட்டுக்கு வரும் நாள்

முழு வழக்கிலும் வீட்டார் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் இதுதான் என்பேன், ஆனால் இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். ஜாமீனிலிருந்து கடைசி ஆணை வரைக்கும் போர்டு திருப்பிப் பார்ப்பது அந்தத் தாள்களைத்தான்.

நடவு சமயமாக இருக்கும். அம்மா விடியற்காலையிலேயே ஆட்களோடு வயலுக்குப் போயிருப்பார், அப்பா கொத்து வேலைக்கு. பி.ஓ. 11 மணிக்கு வந்து பூட்டிய கதவைப் பார்ப்பார். பக்கத்து வீட்டில் விசாரிப்பார். அது வேலித் தகராறு உள்ள வீடாக இருந்தால் சொல்லவே வேண்டாம். "பெற்றோர் கவனிப்பு இல்லை" என்று ஒரு வரி அறிக்கையில் ஏறிவிடும். கூலிக்குப் போனது கவனக்குறைவாக எழுதப்படும். அந்த ஒரு வரியை அழிக்க மாதக்கணக்கில் ஆகும்.

அதனால் முதல் விசாரணை நாளிலேயே பி.ஓ.வை நேரில் பார்த்து, எந்த நாள் வருவீர்கள் ஐயா, அல்லது அம்மா, என்று கேட்டு நம்பர் கொடுங்கள். அவருக்கும் ஒரு மாவட்டம் முழுக்க அலைச்சல். முன்கூட்டிச் சொன்னால் அவருக்கும் ஒரு வெட்டிப் பயணம் மிச்சம். அன்றைய கூலி போனால் போகட்டும்.

வந்ததும் காட்ட வேண்டியவை: அவன் படுக்கும் இடம், புத்தகப் பை, பழைய மதிப்பெண் அட்டை, கபடிக்கோ சிலம்பத்துக்கோ வாங்கிய சான்றிதழ் ஏதாவது. சொல்ல வேண்டியவை: பகலில் யார் வீட்டில் இருப்பார்கள், சாயங்காலம் எங்கே போவான், செலவுக்குக் காசு யார் கொடுப்பார்கள், யாரோடு சேரக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அப்பா குடிப்பார் என்றால் மறைக்காதீர்கள், தெருவே சொல்லிவிடும். அவர் குடிக்கும் நேரத்தில் பையன் பாட்டி வீட்டில் இருப்பான் என்ற ஏற்பாட்டைச் சொல்லுங்கள். பையனை நன்றாகத் தெரிந்த ஒரு ஆசிரியரின் பெயரைக் கொடுத்து, அவரிடம் முன்பே பேசி வையுங்கள்.

வீட்டைக் கடன் வாங்கிய நாற்காலியால் நிரப்ப வேண்டியதில்லை. டீ மட்டும் கொடுங்கள். கவர் எதுவும் நீட்டாதீர்கள்.

7. பையன் ஹோமில் இருக்கும்போது

தஞ்சாவூரிலும் திருச்சியிலும் அரசு கூர்நோக்கு இல்லங்கள் இருக்கின்றன. எங்கே அனுப்புகிறார்கள் என்பது ஆணையில் இருக்கும். போன முதல் நாளே கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மூன்று கேள்வி: பார்வை நாளும் நேரமும் எது, யார் யார் வரலாம், போன் பேச அனுமதி எப்படி. வலிப்பு, ஆஸ்துமா, மூக்குக்கண்ணாடி என்று ஏதாவது இருந்தால் மருந்துச் சீட்டின் நகலோடு எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுவார்கள் என்று எண்ணித் தூக்குச் சட்டியோடு போகாதீர்கள். முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேதாரண்யம் பக்கத்திலிருந்து தஞ்சாவூருக்கு வரும் தாய்க்குப் பார்வை நாள் என்பது ஒரு முழு நாள். பெண்களுக்கான இலவச விடியல் பயணம் டவுன் பஸ்ஸில்தான். வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஒரு நாள் கூலி, பஸ், மத்தியானச் சாப்பாடு மூன்றையும் கூட்டி, எத்தனை வாரம் தாங்கும் என்று முதலிலேயே பாருங்கள். வாராவாரம் ஒரே ஆள் போய்ப் பாதியில் விட்டுவிடுவதைவிட, அம்மா, அப்பா, தாய்மாமன் என்று முறை வைத்துக்கொண்டு கடைசிவரை போவது பையனுக்கு நல்லது. கூட்டாளிகளை அழைத்துப் போகாதீர்கள்.

பார்க்கும்போது வழக்குக் கதை பேச வேண்டாம். தூங்கினாயா, சாப்பிட்டாயா, யாராவது அடித்தார்களா என்று கேளுங்கள். அடி விழுந்திருந்தால், மிரட்டல் இருந்தால், அடுத்த நாளே வக்கீல் மூலம் போர்டுக்கு எழுத்தில் கொடுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லுங்கள். வாய்ச் சொல்லாக வாசலில் சண்டை போட்டால் பார்வையை நிறுத்துவதற்குத்தான் அது உதவும்.

போதைப் பழக்கம் இருந்த பையன் என்றால் முதல் சில நாள் நடுக்கமும் எரிச்சலும் வரும். மறைக்காமல் ஹோம் மருத்துவரிடம் சொல்லி, சிகிச்சைக்குக் கேட்டு போர்டில் மனுப் போடுங்கள். வீட்டில் உங்களுக்கே மனசு தாங்கவில்லை என்றால் 14416-இல் இலவசமாகப் பேசலாம்.

8. எவ்வளவு நாள் ஆகும்

முதல் முறை நிறுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும், இரண்டு மாதம் நீட்டிக்கலாம். அதிகபட்சத் தண்டனையே மூன்று ஆண்டுக்குள் இருக்கும் சிறு குற்றம் என்றால், அந்த நீட்டிப்புக்குப் பிறகும் முடியாதபோது வழக்கே முடிந்துபோகும். தேதியை எண்ணி வக்கீலிடம் கேளுங்கள். தானாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ளது கொடூரக் குற்றம். பையனுக்கு 16 நிரம்பியிருந்தால், பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று மூன்று மாதத்துக்குள் முதல்நிலை மதிப்பீடு செய்வார்கள். கொலை மட்டும்தான் இதில் வரும் என்று நினைக்க வேண்டாம். 17 வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் வேளாங்கண்ணிக்கு பஸ் ஏறிப் போய்விட்டு வந்தாலும் போக்சோ (சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம்) வழக்கு வரலாம். அதில் உடலுறவுக் குற்றச்சாட்டு சேர்ந்தால் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. "காதல் விவகாரம், பேசித் தீத்துக்கலாம்" என்று பெண் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள், சாட்சியைக் கலைத்ததாக ஆகிவிடும். இந்த வழக்குக்கு முதல் நாளிலிருந்தே நல்ல வக்கீல் வேண்டும். போர்டு ஆணை பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான்.

கடைசி ஆணை பலவிதம்: கண்டித்து அனுப்புவது, குழுக் கலந்தாய்வு, சமூக சேவை, பெற்றோர் கட்டும் அபராதம், மூன்று ஆண்டு வரை நன்னடத்தைக் கண்காணிப்பு, மூன்று ஆண்டு வரை சிறப்பு இல்லம். பையன்களுக்கான அரசு சிறப்பு இல்லம் செங்கல்பட்டில். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை ஆட்கள் மெயின் லைனில் விழுப்புரம் வழியாக ரயிலில் போவது பஸ்ஸைவிட மலிவு.

9. வெளியே வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

விடுதலை ஆணை வந்த சாயங்காலம் எல்லாரும் வேன் பிடித்துப் போய் மாலை போட்டுக் கூட்டிவருகிறார்கள். மறுநாள் காலையில் பையனுக்குப் போக இடம் இல்லை. அறுவடை சமயமாக இருந்தால் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கக் கூப்பிடுவார்கள். கையில் அன்றன்றைக்குக் காசு வரும், சாயங்காலம் டாஸ்மாக் வாசல்வரை கூட்டிப் போகவும் ஆள் இருக்கும். வருவதற்கு ஒரு மாதம் முன்பே கீழே உள்ளவற்றைத் தொடங்கினால் அந்தக் காலை வராது.

பள்ளி. பையன் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நீக்கியிருந்தால் திரும்பச் சேர்க்க எழுத்தில் கேளுங்கள். 14 வயது வரை கல்வி உரிமைச் சட்டத்தின்படி சேர்க்க மறுக்க முடியாது; மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்பதும் காரணமாகாது. 10-ஆம் வகுப்பு என்றால் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் போகும் முன் தலைமையாசிரியரைப் பாருங்கள். உள்ளே இருக்கும்போது தேர்வு வந்தால், ஹால் டிக்கெட் நகலோடு போர்டில் மனுப் போட்டுத் தேர்வெழுத அனுமதி வாங்கலாம். பள்ளியிலேயே "வேற ஸ்கூல் பாத்துக்குங்களேன்" என்று நாசூக்காகச் சொன்னால், வம்புக்கு நிற்பதா வேறு பள்ளி பார்ப்பதா என்பது பையன் விருப்பம். பழைய பள்ளியில் எல்லாருக்கும் தெரியும் என்றால் நான் வேறு பள்ளிதான் சொல்வேன். ஆனால் மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

படிப்பு ஒட்டாது என்றால் ஐ.டி.ஐ. 14 வயது முடிந்தால் சேரலாம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. சேர்க்கை கோடையில் தொடங்கிவிடும். அதற்கு முன் சாதி, வருமானச் சான்றிதழ்கள் கையில் இருக்க வேண்டும். இ-சேவையில் ஒன்றுக்கு 60 ரூபாய். வருமானச் சான்று ஒரு வருடம்தான் செல்லும், பழையதை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்காதீர்கள்.

ஆதார், வங்கிக் கணக்கு. 15 வயதில் கைரேகையைப் புதுப்பித்திருக்க வேண்டும். நிறைய பையன்களுக்கு இது விட்டுப்போயிருக்கும், அதனால் கணக்குத் திறக்கும்போது நிற்கும். 17-க்குள் செய்தால் இலவசம். 10 வயது தாண்டிய பிள்ளை தன் பெயரிலேயே கணக்கு வைக்கலாம்.

நிதி உதவி. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும். வத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விதவைத் தாய், சிறையில் உள்ள பெற்றோர், தீராத நோய் என்பது போன்ற நிலையில் உள்ள குடும்பங்களுக்கு முதலிடம். 18 முடிந்து இல்லத்திலிருந்து வெளியேறுகிறவர்களுக்குப் பின்பராமரிப்பு உதவி தனியாக இருக்கிறது, அதுவும் மாதம் 4,000, பொதுவாக 21 வயது வரை. குழு கூடி ஒப்புதல் தந்து பணம் கணக்கில் ஏற நாளாகும். வரும்வரை அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

ஹோமிலிருந்து வாங்க வேண்டியவை: விடுதலை ஆணையின் நகல், மருத்துவப் பதிவு, உள்ளே படித்த பயிற்சியின் சான்று, நுழையும்போது எடுத்து வைத்த பொருட்கள், தனிநபர் பராமரிப்புத் திட்டம். கடைசியாகச் சொன்னது முக்கியம். வெளியே வந்தபின் என்ன படிப்பு, யார் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். "தொடர் கண்காணிப்பு தேவை" என்று ஒரே வரி மட்டும் இருந்தால், பி.ஓ.விடம் பள்ளிப் பெயரையும் உங்கள் ஆள் பெயரையும் சேர்த்து எழுதக் கேளுங்கள்.

10. வந்த பிறகு

முதல் வாரம் சொந்தக்காரர்கள் வந்து அறிவுரை சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அத்தையும் ஒவ்வொரு பெரியப்பாவும் ஒரு முறை கண்டித்துவிட்டுப் போனால் பையன் வீட்டில் தங்க மாட்டான், டீக்கடைக்குத்தான் போவான். தூங்கட்டும், சாப்பிடட்டும். அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கோ ஐ.டி.ஐ.க்கோ கிளம்பட்டும்.

ஜாமீனில் வந்தவன் என்றால் அடுத்த வாய்தா தேதியைச் சுவர் காலண்டரில் வட்டம் போடுங்கள். பி.ஓ.விடம் கையெழுத்துப் போடும் நாள் இருந்தால் அதையும். ஊர்த் திருவிழா, காய்ச்சல் என்று ஒரு முறை தவறினால் அன்றே வக்கீலிடம் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நிபந்தனை மீறல் என்று திரும்ப ஹோம்.

வண்டியைக் கொடுக்காதீர்கள். 18 ஆகாத பையன் பைக்கில் பிடிபட்டால் வண்டி உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் வரலாம், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. ஏற்கெனவே ஒரு வழக்கு இருக்கிற வீட்டுக்கு இது தேவையா?

தேர்த் திருவிழா, ஊர்வலம் என்று வந்தால் ஸ்டேஷனில் பழைய பெயர்களைத் தேடிக் கூப்பிடுவது சில இடங்களில் நடக்கிறது. தனியாக அனுப்பாதீர்கள். ஃபைலை வைத்திருக்கும் ஆள் ஆணை நகலோடு கூடப் போகட்டும், குழந்தைகள் நலக் காவல் அலுவலரைக் கேட்கட்டும், தொல்லை தொடர்ந்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுக்கட்டும்.

வேலைக்குப் போகும்போது இந்த வழக்கு குறுக்கே வருமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. சிறாராக விசாரிக்கப்பட்ட வழக்கினால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது பிரிவு 24. முடிந்துபோன வழக்கின் பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியிடக் கூடாது. மேல்முறையீட்டுக் காலம் போன பிறகு பதிவுகளை அழிக்கவும் வேண்டும். 16 தாண்டியவர் கொடூரக் குற்றத்தில் பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டுக் குற்றம் நிரூபணமான வழக்குக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. பதிவு அழித்தாயிற்றா என்று வக்கீல் மூலம் போர்டில் ஒரு மனுப் போட்டுக் கேட்டு, பதிலை வாங்கி வையுங்கள்.

பதிவு அழிந்தாலும் உங்களிடம் உள்ள கடைசி ஆணையின் சான்றிட்ட நகலைத் தூக்கிப் போடாதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று கடைக்குக் கொண்டுவந்து போடச் சொல்கிறார்கள். போட்ட பிறகு அதில் யாரும் முத்திரை வைக்க முடியாது, சில அலுவலகங்களில் அதை வாங்கவும் மாட்டார்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃபைலில் வையுங்கள், நகல் இரண்டு எடுத்துத் தாய்மாமன் வீட்டில் ஒன்று இருக்கட்டும்.